அக்காவுக்குக் கொடுத்த கார்

அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் எங்களுக்கு ஒன்றும் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். ஒட்டன்சத்திரம் பக்கத்துக் குடும்பம். காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடை, ஊருக்கு வெளியே தோட்டம். எங்களைப் போலவே வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். மாப்பிள்ளையின் அம்மா எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, காபியை ஆற்றிக் குடித்துக்கொண்டே சொன்னார்:

"நகை நட்டெல்லாம் உங்க இஷ்டமுங்க. நாங்க வாயத் தொறந்து கேக்கறவங்க இல்ல. ஒரு கார் மட்டும் இருந்தா நல்லா இருக்குமுங்க. எங்களுக்கில்ல. உங்க பொண்ணு உங்களப் பாக்க வரப்போக பஸ்ஸுல இடிபடக் கூடாது பாருங்க."

அப்பா சிரித்தபடி தலையை ஆட்டினார். அவர்கள் போன பிறகும் அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, எடுத்து வைக்க இடம் தெரியாத பொருள் மாதிரி.

அப்பா திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். வேலையில் சேர்ந்ததிலிருந்து சைக்கிள்தான். எங்கள் தெருவில் யாரிடமும் கார் கிடையாது. வாங்கினாலும் உள்ளே வராது, அவ்வளவு குறுகல். தொண்ணூறுகளின் முதல் பாதி அது. அதுவரை கல்யாணப் பேச்சில் ஸ்கூட்டர், மிஞ்சிப்போனால் பைக். எங்கள் பங்குக் கோவிலைச் சேர்ந்த ஒருவர் தன் மகளுக்குக் கார் கொடுத்தார். அதோடு பேச்சே மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், முன்பெல்லாம் எல்லோரும் கோவில் வாசலில் கூடி நின்று பேசிவிட்டுத்தான் கலைவார்கள். இப்போது கார் வைத்திருந்த இரண்டு மூன்று குடும்பங்கள் தங்கள் கார்களை ஒட்டி நின்றன. பங்குச்சாமியார் முதலில் அங்கேதான் போனார். சைக்கிள்காரர்கள் பேச்சை இழுக்காமல் பெடலை மிதித்துவிடுவார்கள். இதையெல்லாம் அப்பாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

தாடிக்கொம்பு பக்கம் அம்மாவுக்கு அவள் வீட்டில் கொடுத்த நிலம் கொஞ்சம் இருந்தது. அதை விற்றார்கள். "அவளுக்குத்தானே குடுக்கிறோம், ஊரான் வீட்டுக்கா?" என்று அம்மாவே சொன்னாள். அக்கா மட்டும், "அப்பா, எனக்கு பஸ்ஸுல வந்து போறதுல ஒரு கஷ்டமும் இல்லப்பா" என்றாள். "நீ சும்மா இரு" என்றாள் அம்மா.

காரை மதுரையிலிருந்து எடுத்துவர அப்பாவோடு சின்ன மகள் நானும் போனேன். ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் எல்லோரும் வாங்கிய சின்ன வெள்ளைக் கார். எங்கள் யாருக்கும் ஓட்டத் தெரியாததால் வாடகைக்கு ஒரு டிரைவர். அப்பா முன்னால் உட்கார்ந்து முழங்கால்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார், போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி. சின்னாளப்பட்டி வந்ததும், "செத்த நேரம் நிறுத்துங்க, டீ குடிச்சிட்டுப் போகலாம்" என்றார். அவருக்கு டீ தேவைப்படவில்லை. அவரோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் அந்த டீக்கடையில் தினமும் பேப்பர் படிப்பார். அவர் வெளியே வந்து காரைச் சுற்றிப் பார்த்து, "வாத்தியாரே, பெரிய ஆளாயிட்டீங்க" என்றார். "நமக்கு எதுக்குய்யா, பொண்ணுக்கு" என்றார் அப்பா. அவர் முகம் அப்படி மலர்ந்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அந்த ஒரு பயணம்தான். அந்தக் காரில் அப்பா அதற்குப் பிறகு ஏறவே இல்லை.

கோவில் வாசலில் நிறுத்தி, சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். கண்ணாடியில் ஒரு ஜெபமாலை தொங்கவிட்டார்கள். கல்யாணம் முடிந்து அக்கா அதில் ஏறிப் போனாள்.

முதல் வருஷம் நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். மச்சான் கெட்டவர் இல்லை. மார்க்கெட் விடுமுறை நாளில் லாரிகள் இல்லாத அந்தப் பெரிய மைதானத்துக்கு அக்காவைக் கூட்டிப்போய் அவரே கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தார். லைசென்ஸும் எடுத்துக் கொடுத்தார். "எங்க ஊட்டுக்காரிக்குக் கார் ஓட்டத் தெரியுமுங்க" என்று சிநேகிதர்களிடம் சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு பெருமை. அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தபோது அடுப்படியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கிளட்ச் எப்படி மிதிப்பது, கியர் எப்படி விழும் என்று எனக்குக் காட்டினாள். அழுகிய தக்காளியை மிதித்து வழுக்கிக்கொண்டு போன டயரை எப்படித் திருப்பினாள் என்பதைச் சொல்லும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. அம்மா வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டே, "போதும்டி, கரண்டியக் கியர்னு நெனச்சு ஒடச்சிறாத" என்று சிரித்தாள்.

பிறகு யாரோ மாமியாரிடம் சொன்னார்கள், உன் மருமகள் கார் ஓட்டுகிறாளாமே, மகன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து போகிறானாமே என்று. அதோடு நின்றது. மச்சான் அதை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதாக அக்கா சொல்லவில்லை.

அதன் பிறகு காரில் யார் எங்கே உட்காருவது என்பது முடிவாகிவிட்டது. மச்சான் ஓட்டுவார். அவருடைய அம்மா முன்னால். அக்கா பின்னால். மாமியார் வராத நாளில் அக்கா முன்கதவைத் திறக்கப் போனால், "பழக்கமாயிரும், பின்னாலயே உக்காரு" என்பாராம் மச்சான். பஸ்ஸில் என்றால் யாராவது எழுந்து இடம் கொடுத்தார்கள், கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு வீட்டுக்குள் யாருக்கு என்ன மரியாதை என்பதைத் தெருவே பார்க்கும்படி கண்ணாடிக்குள் உட்காரவைத்துக் காட்டியது அந்தக் கார்தான்.

எங்கள் வீட்டுக்கு வந்தாலும் மச்சான் உள்ளே வருவது நின்றுபோனது. தெருமுனையில் அக்காவை இறக்கிவிட்டு டவுனில் தன் வேலைகளைப் பார்த்துவிட்டு வருவார். வந்ததும் ஹார்ன். அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பாதியில் கையைக் கழுவுவாள். இரண்டாவது ஹார்ன் வருவதற்குள் செருப்பைப் போட்டிருப்பாள். "மாப்பிள்ளையை உள்ள வந்து ஒரு வாய் சாப்பிடச் சொல்லேன்" என்று அம்மா பின்னாலேயே போவாள். "வண்டிய ரோட்டுல விட்டுட்டு வர முடியாதும்மா" என்பாள் அக்கா. உண்மைதான், தெருவில் விட இடமில்லை. எங்கள் தெரு அவர்களுக்கு ஒரு நல்ல காரணமாகிவிட்டது.

நான் பிளஸ் ஒன் படித்தபோது நடந்ததைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்து, எங்கள் வீட்டிலிருந்து அங்கே போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. குழந்தையைப் பார்க்க அப்பாவும் நானும் கிளம்பினோம். அம்மா அதிரசமும் முறுக்கும் சுட்டு ஒரு தூக்குவாளியில் போட்டுக் கொடுத்தாள். பழனி ரோட்டில் ஒரு நிறுத்தத்தில் நின்றோம். நல்ல வெயில். வந்த பஸ்களெல்லாம் கூட்டமாக இருந்ததால் நிற்காமல் போயின.

அப்போது டவுன் பக்கத்திலிருந்து அந்த வெள்ளைக் கார் வந்தது. நம்பரைப் பார்க்கத் தேவையில்லை, கண்ணாடியில் அந்த ஜெபமாலை தெரிந்தது. அவர்கள் திண்டுக்கல்லுக்கு வந்திருப்பதே எங்களுக்குத் தெரியாது. மச்சான் ஓட்டினார், பக்கத்தில் அவருடைய அம்மா. பின்னால் ஜவுளிக்கடைப் பைகளுக்கு நடுவில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா.

அப்பா கையைத் தூக்கினார். முகமெல்லாம் சிரிப்பு. "பாப்பா, அந்தா பாரு, நம்ம கார்!" என்றார் என்னிடம்.

கார் கொஞ்சம் வேகம் குறைந்த மாதிரி இருந்தது. பிறகு போய்விட்டது. பின்கண்ணாடியில் அக்காவின் முகம் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. தூரத்தில் அது சின்னதாகும்வரை திரும்பியே இருந்தது.

அப்பாவின் கை இன்னும் மேலேயே இருந்தது. பின்னால் ஒரு லாரி வந்தது. அதைப் பார்த்துக் கையை ஆட்டி, "பஸ்ஸுன்னு நெனச்சேன்" என்றார், என்னைப் பார்க்காமல்.

நான் வீட்டுக்குத் திரும்பிப் போகலாம் என்றேன். "பலகாரம் கெட்டுப்போகும்" என்றார். அடுத்து வந்த பஸ்ஸில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே போனோம்.

அவர்கள் வீட்டு வாசலில் கார் நின்றது. மாமியார் வெளியே வந்து, "வாங்க சம்மந்தி, வாங்க. பஸ்ஸுலயா வந்தீங்க? இந்த வெயில்லயா?" என்றார். "பஸ்ஸு சௌகரியமா இருந்துச்சும்மா" என்றார் அப்பா. அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அக்கா தண்ணீர் கொண்டுவந்தாள். சொம்பை நீட்டியபோது முகத்தை நிமிர்த்தவில்லை.

மச்சான் வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "வழியில உங்களப் பாத்த மாதிரி இருந்துச்சுங்க மாமா. வேகத்துல வந்துட்டோம். பின்னாடி லாரி வேற."

"அப்படியா? நான் கவனிக்கலையே மாப்பிள்ளை" என்றார் அப்பா.

சமையலறையில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நிறுத்துங்கன்னு சொன்னேன்டி. ரெண்டு தடவ சொன்னேன். பையெல்லாம் இருக்கு, எடமில்லன்னாங்க" என்றாள். இடம் இல்லாமல் இல்லை. பைகளை மடியில் வைத்திருந்தால் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருப்போம்.

அப்பா அதைப் பற்றி அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. காலையில் பள்ளிக்கூடம் கிளம்பி, சைக்கிளை வாசலில் இறக்கும்போதே உட்கார்ந்துவிட்டார். ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர், "சொந்தக்காரங்களுக்குச் சொல்லிருங்க" என்றார். எதிரே இருந்த பூத்திலிருந்து நான்தான் அக்கா வீட்டுக்குப் போன் செய்தேன்.

அதற்குப் பிறகு அங்கே நடந்ததை அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மச்சான் காலை மார்க்கெட் முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குக் காரை ஒரு வியாபாரி வீட்டுக் கல்யாணத்துக்குப் பெண் அழைக்கக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பூ அலங்காரக்காரன் வரப்போகிறான்.

"சாயங்காலம் வண்டி வந்திரும். போயிட்டு வந்துரலாம்" என்றாராம்.

"சாயங்காலம் வரைக்கும் இருப்பாரான்னு தெரியலங்க."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. வேணும்னா பஸ்ஸுல முன்னாடி போ. நான் பின்னால வாரேன்."

மாமியார் உள்ளேயிருந்து, "வாக்குக் குடுத்தாச்சு சாமி, கல்யாண வீட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க?" என்றாராம்.

சாவி வழக்கமாக மாட்டுகிற ஆணியில் மாட்டியிருந்தது. அக்கா அதை எடுத்தாள். குழந்தையைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஒரு பழைய சேலையால் சீட்டோடு சேர்த்துக் கட்டினாள். மச்சான் சோற்றுக் கையோடு வாசலுக்கு ஓடிவந்தபோது கார் தெருவைத் தாண்டிவிட்டது.

அவள் மைதானத்தைத் தவிர, ஊருக்குள் இரண்டு மூன்று தெருக்களைத் தவிர வேறெங்கும் ஓட்டியதில்லை. அதுவும் சில வருஷங்களுக்கு முன்னால். பழனி ரோட்டில் காய்கறி லாரிகளுக்கும் பஸ்களுக்கும் நடுவில் மூன்றாவது கியருக்கு மேல் போடப் பயந்து, வழியெல்லாம் மற்ற வண்டிகள் ஹார்ன் அடித்துத் திட்டிக்கொண்டே போக, மாதாவை வேண்டும் அருள்நிறை மந்திரத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தாளாம். குழந்தை அதைப் பாட்டு என்று நினைத்துக் கை தட்டியதாம்.

ஆஸ்பத்திரி வாசலைத் திருப்பும்போது இடது பக்கக் கதவு தூணில் உரசியது. அப்படியே நிறுத்திவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடிவந்தாள்.

அப்பா விழித்திருந்தார். அவளைப் பார்த்ததும் கண் கலங்கியது. "எப்படிம்மா வந்த, அதுக்குள்ள?"

"கார்லப்பா."

"மாப்பிள்ளை எங்க?"

"அவர் வரலப்பா. நான்தான் ஓட்டிட்டு வந்தேன்."

அப்பா சந்தோஷப்படுவார் என்று நான் ஒரு நொடி நினைத்தேன். அவர் தலையணையிலிருந்து எழப் பார்த்தார். "அவங்ககிட்டச் சொல்லிட்டுத்தானம்மா வந்த?" என்றார். மூச்சுக்கும் வலிக்கும் நடுவில் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். சொல்லிவிட்டுத்தான் வந்தேன் என்று அக்கா பொய் சொன்னாள்.

மத்தியானம் மச்சான் வந்தார், பஸ்ஸில். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. நான் கீழே மருந்து வாங்க வந்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நேராகக் காரிடம் போனார். சுற்றிவந்தார். குனிந்து, கதவில் விழுந்திருந்த கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். அதன் பிறகுதான் படியேறினார்.

வார்டுக்குள் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்று, "இப்ப எப்படி இருக்குதுங்க மாமா?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அக்காவிடம் கையை நீட்டி, "சாவி" என்றார்.

அம்மா, "இருங்க மாப்பிள்ளை, செத்த நேரம் உக்காருங்க" என்றாள்.

"இல்லீங்க அத்தை. கல்யாண ஊட்டுல மூணு போன் வந்துருச்சு. வண்டிய எடுக்கத்தான் வந்தேன்."

அக்கா முந்தானையில் முடிந்து வைத்திருந்த சாவியை அவிழ்த்துக் கொடுத்தாள். முடிச்சு இறுகிப்போய் அவிழ நேரமானது. அத்தனை நேரமும் அவர் கையை நீட்டியபடியே நின்றார். அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வெளியே போனதும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாள் இறந்துபோனார். இடையில் அவர் பேசியது கொஞ்சம்தான். எங்கள் யாருக்கும் சரியாகப் புரியவில்லை.

அடக்கத்துக்கு அவர்கள் வந்தார்கள். கல்லறைத் தோட்டத்தின் வாசலில் காரை நிறுத்தி, கடைசி மண் போடும்வரை இருந்துவிட்டு, அக்காவைக் கூப்பிடாமல் போய்விட்டார்கள். கதவில் கோடு இல்லை, அதற்குள் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

அப்பாவுக்கு முதல் மாதப் பூசை வைத்த பிறகு, பங்குச்சாமியாரை வைத்துப் பேசினோம். அவர்கள் பக்கம் ஒரே நிபந்தனை. அக்கா வந்து, சொந்தக்காரர்கள் முன்னால் மாமியாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கல்யாண வீட்டில் அவர்களுக்கு ஏற்பட்ட தலைகுனிவுக்காக. பொம்பளை தனியாகக் காரை எடுத்துக்கொண்டு ரோட்டில் போனதற்காக.

"ஒரு வார்த்தைதானம்மா" என்றார் சாமியார்.

"எங்கப்பா வாங்கின கார்ல எங்கப்பாவப் பாக்க வந்தேன் ஃபாதர். இதுல எந்த வார்த்தையச் சொல்லி மன்னிப்புக் கேக்கட்டும்? நீங்களே சொல்லிக் குடுங்க" என்றாள் அக்கா.

சாமியார் அம்மா பக்கம் திரும்பினார். அம்மா அழுதாள். அக்காவின் பக்கம் நின்று அழவில்லை. "கேட்டுத் தொலைச்சா என்னடி? உங்கப்பா இருந்தாக் கேக்கத்தான் சொல்லியிருப்பார்" என்றாள். அதுதான் அக்காவை அதிகமாக அறுத்திருக்கும். ஏனென்றால் அது உண்மை.

அவள் போகவில்லை. ஒரு நர்சரிப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். எங்கள் சபையில் விவாகரத்து கிடையாது என்பதால் மச்சான் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்தக் காரை விற்றுவிட்டுப் பெரிய கார் ஒன்று வாங்கினார் என்று கேள்விப்பட்டோம். வருஷத்துக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸுக்கு, மகளுக்குத் துணி கொடுத்தனுப்புவார்.

ஊரில் கதை வேறு விதமாகப் போனது. அவள் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு காரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தவள். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததுதான் தப்பு. பக்கத்துத் தெருவில் ஒரு அம்மாள் தன் மகளிடம், "ஸ்டியரிங்கப் புடிச்சா வீடு தங்காதுடி" என்று சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எல்லாம் தலைகீழானது. பேங்கில் கடன் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். எங்கள் தெருக்காரர்கள் வாசற்படிகளையும் சுற்றுச்சுவர்களையும் இடித்துக் காருக்கு வழி செய்தார்கள். முருங்கை மரங்கள் போயின, குழந்தைகள் விளையாட இடம் போனது. நாலு வீட்டுக் கார் நின்றால் பிணம் தூக்கக்கூட வழியில்லை. கோவிலில் சைக்கிள் நிறுத்தும் கொட்டகையைப் பிரித்துக் கார் நிறுத்த இடம் போட்டார்கள். எனக்கு வரன் பார்த்தபோது இரண்டு இடங்களில் காரைக் கேட்டார்கள். உன் அக்காவுக்குக் கொடுத்தீர்களே என்று ஒருவர் கேட்டார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். கடைசியில், கேட்காத ஒருவரைக் கட்டிக்கொண்டேன். நாங்களும் பிறகு கடனில் ஒரு கார் வாங்கினோம்தான். இல்லாமல் இருக்க முடியாதபடி எல்லோருமாகச் சேர்ந்து ஊரை ஆக்கிவிட்டிருந்தோம்.

ஒரு நாள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். கோவிலில் புதிதாகப் பழக்கமான பெண்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருத்தியின் மகளுக்குக் கல்யாணம். கார் கேட்கிறார்களாம். என்ன செய்வதென்று அம்மாவிடம் யோசனை கேட்டாள்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நாங்க அந்தக் காலத்துலயே பெரியவளக் கார் குடுத்துத்தான் கட்டிக் குடுத்தோம். அப்ப இந்தத் தெருவுல எவன்கிட்டயும் கார் கெடையாது. புதுசு. மதுரையில போயி எடுத்துட்டு வந்தாரு எங்க வீட்டுக்காரரு" என்றாள். குரலில் அத்தனை பெருமை. அந்தப் பெண்கள், "அப்பவேவா! அம்புட்டுப் பெரிய எடமா?" என்று வாய்பிளந்தார்கள்.

பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்த அக்கா எல்லாவற்றையும் கேட்டபடி அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். தட்டோடு வந்து இருவருக்கும் கொடுத்தாள். ஒருத்தி அவளைக் கேட்டாள்: "இப்ப பொம்பளைகளும் கார் ஓட்டுறாங்களே, உங்களுக்கும் ஓட்டத் தெரியுமாக்கா?"

"தெரியும்" என்றாள் அக்கா.

அம்மா அவசரமாக, "டீக்குச் சீனி போதுமான்னு பாருங்க" என்றாள்.